எம்.சி.பி., எர்த், கரன்ட் பில்: வீட்டு வயரிங் கேள்வி-பதில்

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது. 32 ஆம்பியர் மாட்டிவிடலாமா?

கூடவே கூடாது. எம்.சி.பி. இருப்பதே சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றத்தான். ஏ.சி. பாயின்ட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் இழுத்திருந்தால், 28 ஆம்பியர் போய் அது கொதித்தாலும் 32 ஆம்பியர் எம்.சி.பி. கண்டுகொள்ளாது.

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது எடுப்பது சுமார் 7, 8 ஆம்பியர்தான். ஆகவே ட்ரிப் ஆவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு எம்.சி.பி.யின் ஸ்க்ரூவைப் பாருங்கள். அது லூசாக இருந்தால் அந்த இடம் சூடேறி, உள்ளே இருக்கும் உலோகப் பட்டை வளைந்து ட்ரிப் ஆகும். வயர் நுனி கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, மறுபடி மாட்டி ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து, எம்.சி.பி.யில் பி16 என்று இருக்கிறதா, சி16 என்று இருக்கிறதா? பி வகை, அதில் குறித்த ஆம்பியரைப் போல் 3 முதல் 5 மடங்கு கரன்ட்டிலேயே உடனே விழும் (ட்ரிப் ஆகும்). சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் உடனே விழும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் விழுகிறதென்றால் சி வகைதான் வேண்டும். புதிதாக வயர் இழுப்பவர்கள் 4 ஸ்கொயர் எம்.எம். போட்டு, சி20 வையுங்கள்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்கிறார்கள்.

உயிரைக் காப்பது அந்தக் கருவிதான், எடுக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றினால், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. கேட் விளக்கு, காலிங் பெல் ஸ்விட்ச், சம்ப் மோட்டார் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று கருதலாம். ஒற்றை போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுவது எலெக்ட்ரீஷியன் வேலை. இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தவறான இடத்தில் சேர்த்திருந்தாலும் இதே தொல்லை வரும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள்.

வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்தால் போதுமா?

அது மிக ஆபத்தான வழி. என்றாவது நியூட்ரல் அறுந்தால் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் வயர் சாக்கெட்டில் இருக்கிறதா, எர்த் குழி வரை தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 230 வோல்ட் காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது, நூலிழைத் தொடர்பு இருந்தாலும் அது காட்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். சரியாகும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனுக்கு மாறினால் பில் குறையுமா?

குறையும். சாதா ஃபேன் 75 வாட், இது சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். எனவே அதிகம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள், விருந்தினர் அறை காத்திருக்கலாம். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு கெடும்.