அமெரிக்காவில் வங்காளிச் சங்கங்கள் துர்கா பூஜையை ஏன் சனி ஞாயிறில் நடத்துகின்றன? அப்புறம் சிலையை என்ன செய்வார்கள்?

ஹால் கிடைக்கிற நாள்தான் பூஜை நாள், அவ்வளவுதான். கொல்கத்தாவில் சஷ்டியிலிருந்து தசமி வரை ஊரே திருவிழாவில் இருக்கும். அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை அஷ்டமி வந்தால் யார் லீவு போட்டு வருவார்கள்? அதனால் பல சங்கங்கள் அதையொட்டிய வார இறுதியில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வெள்ளி மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து நாள் சடங்கையும் முடித்துவிடும். திதி தவறாமல் செய்கிறவர்களும் உண்டு. புகை அலாரம் அடித்துவிடுமே என்று தூபச் சட்டி ஏந்தி ஆடும் வழக்கமான நடனத்தை நெருப்பில்லாமல் ஆடுவதும் நடக்கும்.

சிலை விஷயம்தான் சுவாரஸ்யம். பெரும்பாலும் கொல்கத்தாவில் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலியில் செய்து கப்பலில் வரும். களிமண் கனமானது, வழியில் உடையும். அதனால் ஃபைபர் கிளாஸ் அல்லது நெட்டி என்கிற இலேசான செடித்தண்டு. இவ்வளவு செலவழித்துக் கொண்டுவந்ததை யாரும் கரைக்க மாட்டார்கள், பெட்டியில் கட்டி யாராவது ஒருவர் கராஜிலோ வாடகைக் கிடங்கிலோ வைத்து அடுத்த வருடமும் எடுப்பார்கள். அப்படியானால் விசர்ஜனம்? அம்மன் முகம் கண்ணாடியில் தெரிய, அந்தப் பிம்பத்தைத் தண்ணீரில் வழியனுப்புவார் புரோகிதர். இதை ஒப்புக்குச் செய்கிற சமாளிப்பு என்று நினைக்காதீர்கள், கொல்கத்தாவிலும் முதலில் இதுதான், சிலை ஆற்றுக்குப் போவது அதற்கு அப்புறம்.

விதிவிலக்கும் உண்டு: 2006இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் குமார்துலிக் கலைஞர்கள் செய்த சிலையைத் தேம்ஸ் நதியிலேயே இறக்கினார்கள்.

போய்ப் பார்க்க வங்காளியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பல சங்கங்கள் கட்டணம் வாங்கும். கிச்சடிப் பிரசாதம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.