641 எங்கிருந்து வந்தது?

வணக்கம்.

பகா எண்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த சூட்டில் ஒரு வேலை செய்தேன். 1-ஐ 32 தடவை இரட்டிப்பாக்கி, அதோடு ஒன்றைக் கூட்டினேன். 4294967297 வந்தது. 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் மீதி நிற்கிறது. இது பகா எண்தானே? இன்னும் எதுவரை வகுக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பகா எண் இல்லை. ஆனால் கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த இடம் இது. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இப்படியே போகும் என்று 1640 வாக்கில் அவர் நம்பினார். அடுத்து வருவது உங்கள் எண். 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

முறைப்படி 65536 வரை பார்க்க வேண்டும்; உங்கள் எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. நீங்கள் முடித்தது 25. இன்னும் 91 வகுத்திருந்தால் 641-இல் போய் நின்றிருப்பீர்கள்.

சரி, அவ்வளவும் தேவையா? இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1-தான் வரும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது தடவையிலேயே வேலை முடிந்தது!

எனக்கு இதைவிடப் பிடித்தது, வகுக்காமலே சரிபார்க்கும் வழி. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதல் விதத்தில், 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-க்கு ஒன்று குறைகிறது என்று பொருள்). அதை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் மீதி 1. 5⁴ என்பது 625, 128 என்பது 2⁷; அதாவது 625 × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது விதத்தில், 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2⁴. ஆக −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி எதுவும் இல்லை. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை, பாருங்கள்.

இன்னொன்று. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், அது ஒரே ஒரு விதத்தில்தான் முடியும். உங்கள் எண் 65536² + 1² என்பது பார்த்தாலே தெரிகிறது. அது 62264² + 20449² என்றும் வருகிறது (இந்த 20449-உம் 143-இன் வர்க்கம்தான்). இரண்டாவது விதம் கிடைத்த உடனேயே அது பகா எண் இல்லை என்று சொல்லிவிடலாம், 641 என்ற பெயரே தெரியாமல். நம்ப முடியாவிட்டால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் செய்த 25 வகுத்தலைவிட இது சுலபம்.