மகளின் வரலாற்று வகுப்பும் எங்கள் கதையும்

அன்புள்ள தங்கச்சி,

யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் வரலாற்று ரீச்சர் "உங்கள் குடும்பம் கனடாவுக்கு வந்த கதை" எழுதி வரச் சொன்னார், வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், போரைப் பற்றி அவள் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக எழுதலாம். ஆனால் எழுதுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

என் மகனுக்கு அந்த வயதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ஆசிரியர் திடீரென்று அவனை எழுப்பி, "நீ அங்கிருந்துதானே வந்தாய், போரைப் பற்றிச் சொல்லு" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். பிள்ளை அன்று இரவு சாப்பிடவில்லை. அதனால் நீங்கள் முதலே ரீச்சரோடு பேசிவிடுங்கள். மகள் எழுதித் தருவாள், வகுப்பில் வாசிப்பது அவள் விருப்பம் என்று சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், புள்ளி விழும் விதமே இங்கே வேறு. ஊரில் நாங்கள் அனுராதபுரத்து அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். இங்கே ஒரு பழைய கடிதத்தையோ படத்தையோ கையில் கொடுத்து, இதை யார் எழுதினார், யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பார்கள். மகளின் கதைக்கும் அதே கேள்விதான். அம்மம்மாவின் கடிதங்கள், இடம்பெயர்ந்த காலத்துப் பங்கீட்டு அட்டை, ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுங்கள். பக்கத்து மேசைச் சிங்களப் பிள்ளையும் தன் வீட்டுக் கதையோடுதான் வரும். அதையும் அவள் காது கொடுத்துக் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டால் அதைவிட நல்ல பாடம் இல்லை.

வெள்ளைக்காரர் கதை எங்களுக்கு எதற்கு என்றும் எழுதியிருந்தீர்கள். மகளின் வரலாற்றுப் பாடம் 1914இல் தொடங்குகிறது. அதே ஆண்டில்தான் 376 பேரோடு வான்கூவருக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் கரையோரம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். 2016இல்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள், அவர்களை இந்த நாடு ஏற்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். இடையில் எது மாறியது என்பதே அவளுக்கு நல்ல கேள்வி.

செப்டெம்பர் 30இல் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை போடுவது ஏன் என்றும் அவளிடமே கேளுங்கள். ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி, பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையோடு, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிக்குப் போனாள். முதல் நாளே அதைப் பறித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர். தாய்மொழியில் பேசியதற்கு அடி வாங்கினார்கள். சனிக்கிழமை தோறும் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகும் எங்களுக்கு அது அந்நியக் கதையா, சொல்லுங்கள்.

இந்த ஆண்டே அவளுக்குக் குடியுரிமைக் கல்வியும் வரும். அரைப் பாடம்தான். அந்தப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் இங்கே இருந்து முடித்ததும் குடியுரிமைத் தேர்வு எழுத அது உங்களுக்கும் உதவும்.