ஐடிஐ முடித்தவர் என்றால் போதுமா?

கேள்வி: எங்கள் வீடு கட்டி 25 வருடம் ஆகிறது. ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றுக்கும் புதிதாக லைன் இழுக்க வேண்டும். கொத்தனார் ஒரு எலக்ட்ரீசியனை அழைத்து வந்தார். ஐடிஐ முடித்தவர், 15 வருட அனுபவம் என்கிறார். லைசென்ஸ் கேட்டால், "கையெழுத்துப் போட ஆள் இருக்கு சார், டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கித் தர்றேன்" என்கிறார். வேலையைக் கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கொடுக்காதீர்கள். "கையெழுத்துப் போட ஆள் இருக்கு" என்றால், வேலை செய்பவர் ஒருவர், பொறுப்பேற்பவர் வேறொருவர் என்று அர்த்தம். கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் வீட்டு வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை.

இதில் மூன்று காகிதங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐடிஐ சான்றிதழ் அவர் படித்ததற்கு. கம்பியாள் தகுதிச் சான்று, வயரிங்கில் கை வைப்பதற்கு. இதைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்தக்காரர் உரிமம், வேலையை எடுத்துச் செய்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் (வயரிங் சரி என்று ஈபிக்குத் தரும் சான்று) கையெழுத்துப் போடுவதற்கு. கடைசி இரண்டையும் அசலாகக் கேளுங்கள். படத்தையும் புதுப்பித்த தேதியையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ கணக்கில் சேராது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் கீழ் இதே ஆள் வேலை செய்வதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒப்பந்தக்காரர் நேரில் வந்து பார்க்க வேண்டும், பில் அவர் பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சீல் வாடகைக்குப் போவது ஈபி ஆபீஸ் வாசல் டீக்கடை வரை தெரிந்த விஷயம். உள்ளே காகிதத்தில் சீல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சுவிட்ச் பாக்ஸைத் திறந்து பார்க்க யார் வருகிறார்கள்?

"அப்படியானால் பல்பு மாற்றக்கூட லைசென்ஸா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு விதியே விலக்கு தருகிறது. ஆனால் "அதே அளவில்" என்பதை அழுத்தமாகப் படியுங்கள். 6 ஆம்பியர் பிளக் உடைந்து அங்கே 6 ஆம்பியர் பிளக்கே போட்டால் விலக்கு உண்டு. அதே இடத்தில், "கீசர் பின் நுழையவில்லை" என்று 16 ஆம்பியர் பிளக்கைப் பொருத்தினால் விலக்கு கிடையாது. வெளியே பார்க்க பிளக் மட்டும்தான் மாறியிருக்கும். பின்னால் ஓடுவது அதே பழைய 1 சதுர மி.மீ. வயர். ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பி சுற்றுவதும் இதே கதைதான். உங்கள் மூன்று லைனும் புதியவை என்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இனி அவர் வேலையை அறிந்தவரா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எர்த் எங்கிருந்து எடுப்பீர்கள்?"

பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் வரை எர்த்துக்கான பச்சை வயர் வந்திருக்காது. சரியான பதில், எர்த் குழியிலிருந்து புதிதாக வயர் இழுப்பது. குறுக்கு வழிக்காரர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு சாண் வயரை லூப் போட்டுவிடுவார். டெஸ்ட் லாம்பு பளிச்சென்று எரியும், நீங்களும் திருப்தியாகப் பணம் கொடுப்பீர்கள். சில பழைய மெயின்களில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது ஒருநாள் போனாலோ, நியூட்ரல் வயர் கழன்றாலோ, சுவிட்ச் போட்ட நிலையில் இருக்கும் கீசரின் தகர உடம்பில் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு யாராவது குழாயைத் திருகப் போவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க, கீசர் ஓடும்போது அதே போர்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே வைக்க வேண்டாம். ஒழுங்கான எர்த் என்றால் லோடில் ஓரிரு வோல்ட் காட்டும். அசையாமல் சுத்த பூஜ்யம் காட்டினால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த லூப் இருக்கும் வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டினால், கீசர் உடம்பிலிருந்து குழாய் வழியே மண்ணுக்கு மின்சாரம் கசியும்போது விழும். விழத்தான் வேண்டும், அதன் வேலையே அது. "சும்மா சும்மா விழுது சார், எடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய 15 வருட அனுபவத்தோடு அவரை அனுப்பிவிடுங்கள்.

வயர் கணக்கு: ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்). இண்டக்ஷனுக்கு 2.5 வயர், 16 ஆம்பியர் எம்சிபி. எம்சிபி காப்பது வயரை. 2.5 வயருக்கு 32 ஆம்பியர் போட்டால் வயர் உருகிய பிறகும் எம்சிபி நின்றுகொண்டே இருக்கும். ஒன்றரை டன் ஏசி 7, 2 கிலோவாட் கீசர் 9, இண்டக்ஷன் 9 என்று மூன்றும் சேர்ந்தால் சுமார் 25 ஆம்பியர் வரும். அதனால் மீட்டரிலிருந்து டிபிக்கு (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரும் மெயின் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருளை நீங்களே வாங்குங்கள். சில கம்பெனி வயர் காயில்களுக்குள் எலக்ட்ரீசியனுக்கென்றே டோக்கன் இருக்கும். எந்த பிராண்டை அவர் சிபாரிசு செய்கிறார் என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஐஎஸ் 694 முத்திரையும் 90 மீட்டர் நீளமும் அட்டையில் இருக்கிறதா பாருங்கள்.

கூலியில் கால் பங்கை நிறுத்திவைத்து, மெகர் என்ற மீட்டரில் வயர் உறையின் காப்பை, அதாவது இன்சுலேஷனைப் பார்த்து (குறைந்தது 1 மெகாஓம்), ஆர்சிசிபியின் டி பட்டனை அழுத்திக் காட்டி, எந்த எம்சிபி எதற்கு என்று டிபி கதவில் எழுதி ஒட்டிய பிறகு கொடுங்கள். ஈபியில் லோடு கூட்டும் மனுவை (இணைப்பின் அனுமதி அளவை உயர்த்த) உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள். அதையும் அந்தக் கொத்தனாரிடம் விடாதீர்கள்.