மரம் மறைக்கிற உச்சிக்கு எதுக்கு நடக்கணும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

நான் தேவிபட்டினம் பக்கம், ராமநாதபுரத்துல வேலை பாக்குறேன். உங்க மலை நடை பதிவுகளை விடாம படிப்பேன். அதைப் படிச்சிட்டு தான் போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் பக்கம் கைடு வச்சு ஒரு உச்சிக்கு நடந்து போனோம். வெள்ளனவே கிளம்பி மேல போய் சேர மதியம் ஆயிடுச்சு. அங்க போய் பாத்தா ஒண்ணுமே தெரியல அண்ணே. சுத்தி மரம், மரத்துல பாசி, அவ்ளோதான். பக்கத்துல ஒரு வாட்ச் டவர் இருந்துச்சு, ஏணிக்கு கேட்டு போட்டு பூட்டியிருந்துச்சு. இறங்கி வந்த பிறகு ரெண்டு மூணு நாளைக்கு மாடிப்படி இறங்க முடியல, தொடை அப்பிடி ஒரு வலி. ஒண்ணும் தெரியாத உச்சிக்கு எதுக்கு நடக்கணும்? நீங்க அங்க என்ன தான் பாக்குறீங்க? இன்னொண்ணு, எங்க அப்பா அடுத்த தடவை நானும் வாரேன்னு நிக்கிறார். பாக் கடல்ல தொழில் பாத்தவர், இப்ப கடலுக்குப் போறதில்ல. கூட்டிட்டு போகலாமா?

(பேர் வேண்டாம் அண்ணே)

தம்பி,

கடைசி வரில அப்பாவைப் பத்தி போட்டிருக்கீங்க பாருங்க, உங்க முதல் கேள்விக்கு பதிலே அங்க தான் இருக்கு.

அப்பாட்ட ஒண்ணு கேளுங்க. ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி கடலுக்குள்ள போய் வலை போட்ட எடத்தை மறுநாள் எப்பிடி கண்டுபிடிச்சீங்கன்னு. கரையில ரெண்டு பொருளை ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி வச்சு பாப்பாங்க, முன்னால ஒரு பனைக்கூட்டம் பின்னால ஒரு கோபுரம்னு வைங்க. அது ஒரு கோடு. அதே மாதிரி வேற திசையில இன்னொரு ரெண்டு பொருள், அது இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடம் தான் நம்ம எடம். கன்னியாகுமரி பக்கத்து ஆளுகளுக்கு இதுக்கு மலை உச்சியும் சர்ச் கோபுரமும் கெடைக்கும், அவங்க அதை கணியம்னு சொல்லுவாங்க. நமக்கு மலை கிடையாது, அதனால கோவில் கோபுரம், லைட்ஹவுஸ், பிற்பாடு வந்த ராமேஸ்வரம் டிவி டவர். அந்த டவர் 323 மீட்டர். கணக்குப்படி பாத்தா வானம் தெளிவா இருந்தா அதோட நுனி 60 கிலோமீட்டருக்கு மேலயும் கடல்ல தெரியணும், பூமி உருண்டை அதுக்கப்புறம் தான் மறைக்கும்.

இப்ப உங்க பூட்டிக் கிடந்த வாட்ச் டவருக்கு வாங்க. அதை கட்டினது நாம ஏறி சீனரி பாக்க இல்ல. காட்டுத்தீயை பாக்குறதுக்கு. ஒரு டவர்ல நிக்கிற ஆளுக்கு தூரத்துல ஒரு புகை தெரியுதுன்னு வைங்க, அது எந்தத் திசைன்னு அவரால சொல்ல முடியும், எவ்ளோ தூரம்னு சொல்ல முடியாது, முன்னாடி இருக்குற மேட்டுலயா அதுக்குப் பின்னாடி பள்ளத்துலயான்னு கண்ணு ஏமாத்திடும். வேற ஒரு உச்சியில இருக்குற இன்னொரு டவர்க்காரர் அதே புகைக்கு அவர் பக்கத்து திசையை சொன்னார்னா, மேப்புல ரெண்டு கோடு போட்டா வெட்டுற எடத்துல தீ. உங்க அப்பா கடல்ல இருந்து கரையைப் பாத்து செஞ்சதை இவங்க உச்சியில இருந்து காட்டைப் பாத்து செய்றாங்க, வேலை ஒண்ணுதான்.

இன்னும் பின்னால போனா 1802ல வில்லியம் லாம்டன் மெட்ராஸ்ல பரங்கிமலை பக்கத்துல நேர்கோடு ஒண்ணை அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளக்க ஆரம்பிச்சார், அதுவும் இதே கணக்கு தான். உச்சி உச்சியா ஏறி அடுத்த உச்சிக்கு கோணம் பாக்கணும். ஆனா தெற்க வந்தா காவிரி டெல்டா முழுக்க தரை, உச்சிக்கு எங்க போறது? கோவில் கோபுரத்து மேல கருவியை ஏத்தினாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோவில் மேல தியோடலைட்ங்கிற அந்த கோணம் அளக்குற கருவியை கயிறு கட்டி தூக்கும்போது, அரை டன் எடை அது, கயிறு விட்டுப்போய் சுவத்துல மோதி நெளிஞ்சு போச்சு. மனுஷன் வாரக்கணக்குல உக்காந்து அதை தட்டி நிமித்தி திரும்ப வேலைக்கு கொண்டு வந்தார். எனக்கு இதைப் படிச்சதுல இருந்து ஒரு எண்ணம் மனசுல உக்காந்துருச்சு. மலை உச்சியோ கோபுரமோ டவரோ, அங்க ஏறுறது அழகை பாக்க மட்டும் இல்ல, எது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க. அந்தக் கண்ணு மலைக்காரங்களுக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதீங்க. நம்ம கடற்கரைக்கு அது எப்பவோ உண்டு.

சரி, உங்க உச்சியில மரம் மறைச்சுச்சே, அதுக்கு வரேன்.

நீங்க பாத்தது சோலைக்காடு. மரம் ரொம்ப உசரம் போகாது, முண்டும் முடிச்சுமா இருக்கும், தண்டு முழுக்க பாசி. அந்தப் பாசியை கையில தொட்டு பாத்தீங்களா? அடுத்த தடவை ஒரு விரலால லேசா அமுக்கி மட்டும் பாருங்க, பிய்க்க வேணாம். மழை பெய்யாத நாள்லயும் தண்ணி கசியும். மேகம் அந்த உச்சியில உரசிப் போகும்போது இலையிலயும் பாசியிலயும் ஈரம் பிடிச்சு, சொட்டு சொட்டா மண்ணுக்கு எறங்குது. கீழ மண்ணு மக்குன இலையால மெத்து மெத்துன்னு இருக்கும், ஒரு மழையை உள்ள வாங்கி வச்சுக்கிட்டு மாசக்கணக்குல ஓடையில விடும். கொடைக்கானல் தெற்குச் சரிவுல விழுற தண்ணி பாம்பாறு, கும்பக்கரை, அப்புறம் வராக நதின்னு பெரியகுளம் வழியா இறங்கி வைகையில சேருது. வைகை பொறக்குறது அந்தப் பக்கம் வருசநாடு மேகமலைக் காட்டுல. அந்த வைகை கடைசியா எங்க வருதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ராமநாதபுரம் பெரிய கம்மாய்க்கு. மிச்சம் மீதி இருந்தா ஆத்தங்கரைங்கிற ஊர் பக்கம் கடலுக்கு. நீங்க போனது தெற்குச் சரிவா இருந்தா, ஒண்ணுமே தெரியலன்னு சொன்ன அந்த எடம் உங்க ஊரு தண்ணியோட தலைமாடு தம்பி. அங்க மரம் இல்லாம எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சிருந்தா நான் கவலைப்பட்டிருப்பேன்.

மரத்துக்குள்ள உச்சியை எப்பிடி உணர்றதுன்னா, நின்ன எடத்துல இருந்து நாலு பக்கமும் தரை இறங்குதான்னு பாருங்க. காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கத்து மரம் குட்டையா, சாஞ்சு இருக்கும். நம்ம ஊரு உடைமரம் கடல்காத்துக்கு சாயுற மாதிரியே தான். ரெண்டு ஓடை முதுகும் முதுகுமா பிரியுற எடத்தை கைடுட்ட காட்ட சொல்லுங்க, தெரிஞ்ச கைடுன்னா சந்தோசமா காட்டுவாரு.

டவர்ல ஏற அனுமதி கெடைச்சா ஒரு விஷயம். ஏறினதும் ஃபோன எடுத்து காம்பஸ் பாக்காதீங்க, இரும்பு டவர்ல அது தப்பு காட்டும். கீழயே டவரை விட்டு தள்ளி நின்னு வடக்கை பாத்து, ஏதாவது ஒரு அடையாளத்தை மனசுல வச்சுக்கிட்டு ஏறுங்க. மேல போனா முதல்ல தெரிஞ்ச பொருள் ரெண்டைப் பிடிங்க. கொடைக்கானல்னா பெருமாள்மலை ஒண்ணு, கீழ சமவெளியில வைகை அணைத் தண்ணி ஒண்ணு. அதை வச்சு மத்ததை அடுக்குங்க. முழுசா ஒரே பார்வையில விழுங்கப் பாக்காம, ஒரு பக்கத்துல இருந்து பட்டை பட்டையா கிட்டத்துல ஆரம்பிச்சு தூரம் வரைக்கும் போங்க, தீ பாக்குற ஆளுங்க அப்பிடி தான் பாப்பாங்க. இடி மின்னல் வர்ற மாதிரி இருந்தா டவர் பக்கமே போகாதீங்க. பூட்டியிருந்தா பூட்டியிருக்கட்டும், கேட்டைத் தாண்டி ஏறாதீங்க. பழைய டவர்ல படி துருப்பிடிச்சிருக்கும்.

இதைப் பழக கொடைக்கானல் போகணும்னு அவசியம் இல்ல. ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதம் ராமர் பாதம் கோவிலுக்கு எல்லாரும் போறோம், கும்பிட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுறோம். அது வெறும் மணல்மேடு தான், ஆனா தீவுலயே உசரமான எடம். மேல் மண்டபத்துல நின்னு கோபுரம் எங்க, டிவி டவர் எங்க, பாம்பன் எந்தப் பக்கம்னு குறிச்சுப் பாருங்க. அப்புறம் காரங்காடு. அலையாத்திக்காட்டுக்குள்ள படகுல போறது எல்லாருக்கும் தெரியும், அங்க இருக்குற வாட்ச் டவர்ல பொறுமையா நில்லுங்க. கீழ இருக்கும்போது காடுன்னா வேரும் சேறும் தான். மேல ஏறினா அதே காடு ஒரே மட்டத்துல பச்சையா விரிஞ்சு, நடுவுல உப்பங்கழி வளைஞ்சு வளைஞ்சு போறது தெரியும். காட்டை மேல இருந்து பாத்து வழி படிக்கிறதுக்கு நம்ம மாவட்டத்துல அதைவிட நல்ல எடம் எனக்குத் தெரியல.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில நடந்ததை நாம மறக்கக்கூடாது, ட்ரெக்கிங் போன இடத்துல காய்ஞ்ச புல்லுல பிடிச்ச தீயில மாட்டி 23 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் உங்க வயசு பிள்ளைங்க. தீ மேட்டைப் பாத்து தான் வேகமா ஏறும், சூடு மேல போய் மேல இருக்குற புல்லை முன்கூட்டியே காய வச்சிடும், அதனால சரிவுல மேல நோக்கி ஓடி அதை ஜெயிக்க முடியாது. அதுக்கப்புறம் தான் ட்ரெக்கிங்குக்கு விதிமுறையே வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதையை ஆன்லைன்ல திறந்தாங்க, உள்ளூர் கைடோட, எளிசு நடுத்தரம் கஷ்டம்னு பிரிச்சு. தீ சீசன்ல மூடிடுவாங்க. அந்த நேரத்துல எவனாவது தெரிஞ்ச ஆள் இருக்கான், குறுக்கு வழியில கூட்டிட்டு போறேன்னு சொன்னா போகவே போகாதீங்க. நீங்க எத்தனை கோவிச்சுக்கிட்டாலும் இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொடை வலிக்கு காரணம் ஏறினது இல்ல, இறங்கினது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடையை இழுத்துப் பிடிக்குது, தரையிலயே நடக்குற நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது, கடற்கரை மணல்ல எவ்ளோ நடந்தாலும் அது வராது. போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே மாடிப்படியில மெதுவா இறங்கிப் பழகுங்க, ஏறுறதுக்கு லிஃப்ட் இருந்தா கூட பரவால்ல.

அப்பாவை தாராளமா கூட்டிட்டு போங்க. முதல்ல டாக்டர்ட்ட பிபி, ஹார்ட் பாத்துட்டு, எளிசுன்னு போட்டிருக்குற பாதையா எடுங்க. வட்டக்கானல் – வெள்ளகவி பாதை அவருக்கு வேணாம், போறப்ப செங்குத்தா இறக்கம், களைச்ச பிறகு திரும்பி ஏறணும். ஜனவரி நல்ல மாசம், வடகிழக்கு மழை ஓய்ஞ்சிருக்கும், காத்துல தூசி கம்மி, புல்லும் முழுசா காஞ்சிருக்காது. நடக்குறதுக்கு முந்தின நாள் காலைல கொடைக்கானல்ல மலை விளிம்புல இருக்குற கோக்கர்ஸ் வாக் நடைபாதையில அவரை நிறுத்துங்க, மேகம் ஏறுறதுக்கு முன்னாடி, எட்டு மணிக்குள்ள. பெரியகுளம் பக்கத்து சமவெளி பூரா கீழ தெரியும். எது கிட்ட எது தூரம்னு அவர்ட்டயே கேளுங்க, உங்க கைடை விட வேகமா சொன்னாலும் சொல்லுவாரு. குளிர் மட்டும் ஜாக்கிரதை, ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஏழு டிகிரி குறையும், நம்ம ஊர்ல இருந்து ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல இருக்குற கொடைக்கானலுக்கு போனா 13 டிகிரி மாதிரி இறங்கிடும், காதுக்கு மஃப்ளர் எடுத்துக்குங்க.

போயிட்டு வந்து எழுதுங்க. அப்பா கடல்ல எந்த எந்தக் குறியை வச்சு எடம் பாத்தாருன்னு அவர் சொல்றபடியே எழுதி அனுப்புங்க, அவர் சம்மதிச்சா இங்கயே போடுறேன். அந்தக் குறியில பாதி பனை இப்ப நிக்குதான்னு கூட தெரியல, அதனால கொஞ்சம் சீக்கிரமா கேட்டுடுங்க.

அன்புடன்,
அண்ணன்