வீடு போன்ற சின்ன வேலைக்கு, ஆரம்பத்திலேயே பாராமெட்ரிக் மாடலிங்கும் (ஓர் அளவை மாற்றினால் வரைபடம் தானே மாறிக்கொள்ளும் முறை) சிமுலேஷனும் (வெயில், காற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) தேவையா?

தேவைதான். ஆனால் வளைந்து நெளிந்த முகப்பு வரைவதற்காக இல்லை. பிளான் பென்சிலில் இருக்கும்போதே அதை அழித்துப் போட மனசு வரும், அதற்காக.

சென்னையில் நான் செய்த ஒரு வீடு. மேற்குப் பார்த்த மனை. முன்பக்கம் படுக்கையறை, 4 அடி உயர ஜன்னல், மேலே வழக்கமான 2 அடி சன்ஷேடு. ரைனோ என்ற 3D வரைகலை மென்பொருளில், பாராமெட்ரிக் வேலைக்கான கிராஸ்ஹாப்பரைத் திறந்து, சன்ஷேடு நீளத்தை ஒரு ஸ்லைடரோடு (இழுத்தால் அளவு மாறும் பட்டை) இணைத்து, வெயில் கணக்குப் போடும் அதன் துணைநிரலான லேடிபக்கில் சென்னையின் வானிலைக் கோப்பை ஏற்றினேன். ஏப்ரல், மாலை 4 மணி. சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கே நிற்கிறது. நிழல் ஜன்னலில் ஓர் அடிச் சொச்சத்துக்கு மேல் இறங்கவில்லை. ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போனேன். முழு ஜன்னலும் மறைய 6 அடிக்கு மேல் வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் சன்ஷேடு இல்லை, போர்ட்டிகோ! சரி என்று படுக்கையறையைக் கிழக்கே தள்ளிவிட்டு, மேற்கில் மாடிப்படியையும் குளியலறையையும் வைத்தோம். சென்ட்ரிங் அடித்த பிறகு இது தெரிந்திருந்தால், கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஒரு டேஞ்சன்ட் கணக்கு போதாதா என்பீர்கள். போதும்தான். ஆனால் எட்டு ஜன்னலுக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு யார் உட்கார்ந்து போடுவது? வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே வடக்கிலிருந்துதான் வருகிறது.

அப்புறம், ஆப்டிமைசேஷன், அதாவது சிறந்த அளவைக் கணினியையே தேடச் சொல்வது. ஒருமுறை கிராஸ்ஹாப்பரில் அதற்கென இருக்கும் கலாபகோஸிடம் "வெப்பம் குறைய வேண்டும்" என்று மட்டும் சொல்லி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லா ஜன்னலையும் நான் அனுமதித்த குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தது. வெளிச்சம் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே.

காற்றை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சென்னை வானிலைக் கோப்பில் இருப்பது மீனம்பாக்கம் விமான நிலையத்துக் காற்று. உங்கள் மனைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே 5 அடிச் சந்துதான் என்றால் அந்தக் காற்று அங்கே வராது.

பழகிப் பார்க்க ரைனோவை 90 நாள் இலவசமாக ஓட்டலாம். கிராஸ்ஹாப்பர் அதிலேயே இருக்கிறது. முதல் வேலைக்கு மூன்று ஸ்லைடருக்கு மேல் வைக்காதீர்கள்.