வாசகர் கேள்விகள்: ஆங்ஸ்ட்ரோம் முதல் பேர்மி வரை

கேள்வி: சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்குரிய அலைநீளத்தைப் பழைய நூலொன்று 5890 ஆங்ஸ்ட்ரோம் என்கிறது, வகுப்புக் குறிப்பு 589 நனோமீற்றர் என்கிறது. ஐதரசன் அணுவின் அளவும் ஓரிடத்தில் 53 பிக்கோமீற்றர், வேறோரிடத்தில் ஏறத்தாழ 0.1 நனோமீற்றர் என்று உள்ளது. எது சரி?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: நான்கும் சரியே. சுவீடன் நாட்டு அறிஞர் அண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் 1868இல் வெளியிட்ட சூரிய நிறமாலை வரைபடத்தில் அலைநீளங்களை மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலே குறித்தார். அந்த அளவே பின்னர் அவருடைய பெயரைப் பெற்றது. 1907இல் அதற்கு வரைவிலக்கணம் வகுத்தபோது மீற்றரை நேரடியாகத் தொடாமல், கட்மியத்தின் சிவப்புக் கோட்டின் அலைநீளம் 6438.4696 ஆங்ஸ்ட்ரோம் என்று வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் கொள்ளும் மதிப்பு துல்லியமாக 10⁻¹⁰ மீற்றர். ஆங்ஸ்ட்ரோம் சர்வதேச அலகுத் தொகுதியைச் சேர்ந்ததன்று. ஆயினும் அணுக்களுக்கிடையிலான பிணைப்பு நீளங்கள் பெரும்பாலும் 1 முதல் 3 வரையான எண்களாக அதில் அமைந்துவிடுவதால், பளிங்குகளை ஆராய்வோர் அதைக் கைவிட மனம் கொள்வதில்லை.

மாற்றற் காரணிகளைப் பட்டியலிட்டு மனனம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. எந்த அளவையும் முதலில் மீற்றரில் எழுதிவிட்டு, வேண்டிய அலகால் வகுப்பதே பாதுகாப்பான வழி. 589 நனோமீற்றர் என்பது 589 × 10⁻⁹ மீற்றர். அதை 10⁻¹⁰ ஆல் வகுத்தால் 5890 ஆங்ஸ்ட்ரோம் கிடைக்கும். விடை வந்தபின் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கொத்தால் அளந்த அரிசியைச் சுண்டால் அளந்தால் எண்ணிக்கை கூடுவதுபோல, சிறிய அலகுக்கு மாறும்போது எண் பெருக வேண்டும். (மஞ்சள் ஒளி உண்மையில் 589.0, 589.6 நனோமீற்றர் என அருகருகே அமைந்த இரு கோடுகளாகும். வினாத்தாள்கள் அதனை ஒன்றாகவே கொள்வது வழக்கம்.)

ஐதரசனைப் பொறுத்தவரை, சிக்கல் அலகில் இல்லை. 53 பிக்கோமீற்றர் ஆரை, 0.1 நனோமீற்றர் விட்டம். ஆரையை இரட்டித்தால் 106 பிக்கோமீற்றர், அதாவது 0.106 நனோமீற்றர். அளவைத் தரும் நூல் எதன் அளவைத் தருகிறது என்று பார்த்த பின்னரே மாற்றத் தொடங்குங்கள்.

கேள்வி: கறியுப்பின் அலகுக் கலத்தின் (பளிங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் மிகச்சிறிய சதுரமுகியின்) பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ரோம் எனக் கொடுத்துக் கனவளவைக் கன நனோமீற்றரில் கேட்டேன். வகுப்பிற் பலர் 17.94 என்று எழுதினர். பிழையை அவர்களே உணரும்படி எவ்வாறு விளக்கலாம்?
– ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: 5.64ஐ மும்முறை பெருக்கினால் 179.4 கன ஆங்ஸ்ட்ரோம் வரும். நீளத்துக்குரிய 10ஐக் கனவளவுக்கும் பயன்படுத்தியதால் 17.94 வந்திருக்கிறது, ஒரு கன நனோமீற்றரில் 1000 கன ஆங்ஸ்ட்ரோம் அடங்குவதால் சரியான விடை 0.1794. ஆனால் இவ்வாறு சொல்லிவிடுவதைவிட, அடர்த்தியைக் கணிக்கச் சொல்லுங்கள். அக்கலத்தில் நான்கு சோடியம் அயன்களும் நான்கு குளோரைட்டு அயன்களும் உள்ளன. கறியுப்பின் மூலர்த் திணிவான 58.44ஐ நான்கால் பெருக்கி, அவகாதரோ எண்ணான 6.022 × 10²³ ஆல் வகுத்தால், கலத்தின் திணிவு 3.882 × 10⁻²² கிராம். கனவளவு 1.794 × 10⁻²² கன சென்ரிமீற்றர். அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம், இது கறியுப்பை நேரில் அளந்து பெறும் மதிப்புடன் ஒத்துப்போகிறது. 17.94 என்று எழுதியவர்களுக்கோ 0.0216 வரும். அவர்களுடைய கணக்கின்படி ஆனையிறவு உப்பு தண்ணீரில் மிதக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு கட்டி உப்பை நீரில் இட்டுக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: கணினி நிரலொன்று ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பு நீளத்தை 1.40 என்று தருகிறது. பாடநூலில் 0.74 ஆங்ஸ்ட்ரோம் என்றுள்ளது. பத்தின் அடுக்கு எதைக்கொண்டு பெருக்கினாலும் பொருந்தவில்லை.
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: பொருந்தாது. குவாண்டம் வேதியியற் கணிப்புகளில் நீளத்தின் அலகாகப் போர் ஆரையையே, அதாவது ஐதரசன் அணுவின் மிகத் தாழ்ந்த சக்தி நிலைக்கு டென்மார்க் நாட்டு அறிஞர் நீல்ஸ் போரின் மாதிரியுரு தரும் ஆரையையே, கொள்வது வழக்கம். அவ்வாறு கொண்டால் சமன்பாடுகளில் மாறிலிகள் பல 1 ஆகிவிடுகின்றன. போர் என்றே அழைக்கப்படும் அந்த அலகின் மதிப்பு 0.529177 ஆங்ஸ்ட்ரோம். 1.40ஐ அதனால் பெருக்கினால் 0.741. எதிர்த்திசையில் மாற்ற 1.8897ஆற் பெருக்குக. ஒரு கன ஆங்ஸ்ட்ரோமில் 6.748 கன போர் அடங்கும் என்பதையும் கவனத்திற் கொள்க. உங்கள் நிரலின் உள்ளீட்டுக் கோப்பில் அணுக்களின் இடங்களைக் குறிக்கும் ஆயங்கள் எந்த அலகில் வாசிக்கப்படுகின்றன என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆங்ஸ்ட்ரோமில் எழுதிய எண்களை நிரல் போர் அலகில் வாசித்தால், அணுக்கள் ஏறத்தாழ அரைவாசித் தூரத்துக்கு நெருக்கப்பட்ட மூலக்கூறொன்றையே அது கணிக்கும்.

கேள்வி: பேர்மி என்பது பெம்ரோமீற்றரா?
– வாசகர், காரைநகர்

பதில்: ஆம், இரண்டும் 10⁻¹⁵ மீற்றரே. பெயர் இத்தாலியப் பௌதிகவியல் அறிஞர் என்றிகோ பேர்மியின் நினைவாக வந்தது. ஓர் ஆங்ஸ்ட்ரோமில் ஒரு இலட்சம் பேர்மி அடங்கும். புரோத்தனின் ஆரை ஏறத்தாழ 0.84 பேர்மி, போர் ஆரை அதைப்போல் ஏறத்தாழ 63,000 மடங்கு.